காலும் வெளிச்சமும்: ஜூம் லென்ஸா, பிரைம் லென்ஸா?

என் அண்ணன் மகள் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள். போன வருடம் பழைய கேமரா ஒன்றை வாங்கினாள். கூடவே 18-55 என்று எழுதிய லென்ஸ் ஒன்றும் வந்தது. சில மாதம் கழித்து, இரண்டாவது லென்ஸுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றாள்.

“சித்தப்பா, கடையில் கேட்டால் பிரைம் லென்ஸ் கிட்டே இழுக்காது, காசு வீண், ஜூம் வாங்கு என்கிறார்கள். கல்லூரியில் சீனியர் அண்ணா ஒருவர், ஜூம் எல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு, தொழில் தெரிந்தவர்கள் பிரைம்தான் வைத்திருப்பார்கள் என்கிறார். யார் சொல்வது சரி?”

“இரண்டு பேரும் சொல்வது தவறு, மக்கா” என்றேன். உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். தேநீர் இரண்டு முறை ஆறிப்போனது. அன்று அவளிடம் சொன்னவற்றைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் தொழில்முறைப் படக்காரன் இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் உறவுக்காரர்கள் கூப்பிட்டால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பட்டுத் தெளிந்திருக்கிறேன்.

சொல்லிலேயே சிக்கல்

நம் ஊரில் ‘ஜூம் பண்ணு’ என்றால் ‘கிட்டே இழு’ என்று பொருள். கைபேசியில் இரண்டு விரலை வைத்து விரிக்கிறோம், படம் பெரிதாகிறது, அதை ஜூம் என்கிறோம். உண்மையில் அங்கே பெரும்பாலும் நடப்பது வெட்டிப் பெரிதாக்குவது. செய்தித்தாளில் வந்த படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது போல; பெரிதாகத் தெரியும், புதிதாக ஒன்றும் தெரியாது.

லென்ஸ் உலகில் ஜூம் என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. பார்வையின் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தால் அது ஜூம் லென்ஸ். அகலம் ஒன்றே ஒன்றுதான், மாற்ற முடியாது என்றால் அது பிரைம் லென்ஸ். அவ்வளவுதான். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுகிற லென்ஸுக்கு டெலி என்று தனிப்பெயர் இருக்கிறது. டெலி லென்ஸ் ஜூமாகவும் இருக்கலாம், பிரைமாகவும் இருக்கலாம். 10-18 என்று ஒரு ஜூம் லென்ஸ் உண்டு (இந்த எண்கள் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்). அது எதையும் கிட்டே இழுக்காது, எல்லாவற்றையும் தள்ளிவைக்கும். பறவைப் படக்காரர்கள் தோளில் சுமக்கும் 600 பிரைம் லென்ஸோ, குளத்தின் அக்கரையில் நிற்கும் கொக்கின் கண்ணை எடுத்துக் காட்டும்.

இன்னொரு வேடிக்கை. ‘நான் பிரைம் லென்ஸைக் கையால் தொட்டதே இல்லை’ என்று சொல்கிறவரின் சட்டைப்பையிலேயே இரண்டு மூன்று பிரைம்கள் இருக்கும். பெரும்பாலான கைபேசிகளின் முதுகில் உள்ள ஒவ்வொரு கேமராவும் மாறாத ஒரே அகலம் கொண்ட பிரைம்தான். 0.5, 1, 3 என்று தொடும்போது கைபேசி ஒரு பிரைமிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது.

பிரைம்தான் தொழில்காரர்களுக்கு என்ற பேச்சும் அப்படியே. 35 மி.மீ. ஃபிலிம் போட்டுப் புகைப்படம் எடுக்கும் கேமராவுக்கு முதல் ஜூம் லென்ஸ் வந்தது 1959-இல். ஃபோக்ட்லேண்டர் நிறுவனத்தின் ஜூமார். அதுவரை அந்தக் கேமரா வைத்திருந்த எல்லோருக்கும், கற்றுக்குட்டிக்கும் கைதேர்ந்தவருக்கும், பிரைம் ஒன்றே கதி.

வெட்டுகத்தியும் பால்வெட்டுக் கத்தியும்

குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவரின் கையில் இருக்கும் கத்தியைப் பாருங்கள். முனை வளைந்து, பட்டையை மெல்லிய சீவலாக எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதை வைத்துத் தேங்காய் உடைக்க முடியாது, விறகு பிளக்க முடியாது. வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் வெட்டுகத்தி இளநீர் சீவும், மட்டை வெட்டும், விறகும் பிளக்கும். ஆனால் அதை எடுத்துக்கொண்டு ரப்பர் மரத்திடம் போனால் மரம் போச்சு.

பிரைம், பால்வெட்டுக் கத்தி. ஜூம், வெட்டுகத்தி. எது நல்ல கத்தி என்று கேட்டால் யாரும் சிரிப்பார்கள். லென்ஸ் விஷயத்தில் மட்டும் அதே கேள்வியை நாம் கூச்சமில்லாமல் கேட்கிறோம்.

ஒப்புமை இதோடு போதும். அந்தக் கத்தி ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்பதுதான் விஷயம். அதற்கு இரண்டு சொற்கள் தெரிய வேண்டும்: குவியத் தூரம், துளை.

ஜன்னலிலிருந்து எத்தனை அடி?

எங்கள் வீட்டு முன்னறை ஜன்னல் மூன்றடி அகலம். வெளியே தென்னந்தோப்பு. ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பார்த்தால், என் கண்ணிலிருந்து முப்பதடித் தொலைவில் 45 அடி அகலத்துக்குத் தோப்பு தெரியும். நான்கடி பின்வாங்கி ஜன்னலிலிருந்து ஆறடியில் நின்றால், அதே முப்பதடித் தொலைவில் தெரிவது 15 அடிதான். இரண்டு மூன்று தென்னைகள், அவ்வளவே. ஜன்னல் மாறவில்லை. கண்ணுக்கும் ஜன்னலுக்கும் உள்ள இடைவெளி மாறியது.

கேமராவுக்குள்ளும் இதுவே நடக்கிறது. படம் விழும் சிறிய தகடு, அதாவது சென்சார், ஜன்னல் மாதிரி. லென்ஸ் கண் மாதிரி. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான், தோராயமாகச் சொன்னால், குவியத் தூரம். லென்ஸின் மேல் 18, 50, 200 என்று எழுதியிருப்பது மில்லிமீட்டரில் இந்தத் தூரம். எண் சிறியது என்றால் ஜன்னலை ஒட்டி நிற்கிறோம், பார்வை அகலம். எண் பெரியது என்றால் தள்ளி நிற்கிறோம், பார்வை குறுகும். குறுகிய காட்சி முழுச் சட்டத்தையும் நிரப்புவதால், அதில் உள்ளது பெரிதாகத் தெரிகிறது. ‘கிட்டே இழுப்பது’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

36 மி.மீ. அகலமுள்ள சென்சார் கொண்டது முழுச்சட்ட கேமரா. அதில் 24 மி.மீ. லென்ஸை மாட்டிப் பத்து மீட்டர் தள்ளி நின்றால் 15 மீட்டர் அகலம் பிடிபடும். 50 மி.மீ. என்றால் 7.2 மீட்டர். 200 மி.மீ. என்றால் 1.8 மீட்டர். புதியவர்கள் வாங்கும் பெரும்பாலான கேமராக்களில் சென்சார் இதைவிடச் சிறியது, சுமார் 23 மி.மீ. அகலம். ஜன்னலே சிறிதாகிவிட்டதால் பார்வையும் குறுகும். நிக்கான், சோனியில் எண்ணை ஒன்றரையால் பெருக்க வேண்டும், கேனானில் 1.6-ஆல். அங்கே 50 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டத்தின் 75 அல்லது 80 போல நடந்துகொள்ளும். 50 வாங்கு என்று யாராவது சொன்னால், எந்தக் கேமராவை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்திரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறும். அதை எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஏமாறுவது நிலாவின் அளவில்தான். 50 மி.மீ. லென்ஸில் நிலா சென்சாரின் மேல் அரை மில்லிமீட்டர்கூட வராது. 300 மி.மீ. போட்டாலும் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான்.

இதுவரை வந்தது இவ்வளவு. குவியத் தூரம் என்பது பார்வை எவ்வளவு அகலம் என்பதைச் சொல்லும் எண். அதை மாற்றிக்கொள்ள முடிந்தால் ஜூம், முடியாவிட்டால் பிரைம். கிட்டே தெரிவதும் தூரே தெரிவதும் அந்த எண்ணைப் பொறுத்தது. ஜூமா பிரைமா என்பதைப் பொறுத்தது அல்ல.

குடமும் உருளியும்

இரண்டு பருவமழையும் வாய்த்த மாவட்டம் நம் கன்னியாகுமரி, மழையை வைத்தே சொல்லலாம். முற்றத்தில் ஒரு குடத்தையும் வாய் அகன்ற ஓர் உருளியையும் வையுங்கள். ஐந்து நிமிட மழையில் உருளியில் தண்ணீர் நிறையச் சேரும், குடத்தில் கொஞ்சம்தான். மழை ஒன்றே, வாய்தான் வேறு. வாயின் விட்டம் இரண்டு மடங்கானால் சேரும் தண்ணீர் நான்கு மடங்காகும்.

லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் வாய்க்குத் துளை என்று பெயர். அப்பர்ச்சர் என்று சொல்வதும் இதையே. துளை பெரிதானால் வெளிச்சம் அதிகம். ஆனால் இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. டார்ச்சைச் சுவரருகே பிடித்தால் வட்டம் பளிச்சென்று இருக்கும், தள்ளிப் பிடித்தால் அதே வெளிச்சம் பரவி மங்கும். அதுபோலக் குவியத் தூரம் கூடினால் உள்ளே வந்த வெளிச்சம் பரவி மங்குகிறது. அதனால் துளையின் அளவை மட்டும் சொன்னால் போதாது. குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துச் சொல்கிறார்கள். அதுதான் எஃப் எண். வகுத்து வந்த எண் என்பதால், எண் சிறியதானால் துளை பெரியது. புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்திருக்கிறேன்.

50 மி.மீ., எஃப் 1.8 என்று எழுதிய பிரைமில் துளை சுமார் 28 மி.மீ. விட்டம். 18-55 ஜூமை 55-இல் வைத்தால் எஃப் 5.6, துளை சுமார் 10 மி.மீ. தான். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட பத்து வரும். ஏறக்குறைய ஒரே அகலத்தைப் பார்க்கும் இரண்டு லென்ஸ்களில் ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வெளிச்சம் தருகிறது. பிரைம் வாங்க வேறு காரணங்கள் ஆயிரம் சொன்னாலும், முதல் காரணம் இந்தப் பத்து மடங்குதான்.

வில்லுப்பாட்டு இரவு

பத்து மடங்கு என்பது எவ்வளவு என்று எனக்குப் புரிந்தது ஒரு கொடையின்போது. இசக்கியம்மன் கோயில் பந்தல், நள்ளிரவு தாண்டிய நேரம், மேலே இரண்டு டியூப்லைட். வில்லுப்பாட்டுக்காரர் வீசுகோலை எடுத்து நாணில் தட்டத் தொடங்கினார். நான் 18-55 ஜூமை 55-இல் வைத்து எடுத்தேன். ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றிவிட்டிருந்தேன். ஐஎஸ்ஓ என்பது சென்சாரில் கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தை எவ்வளவு பெருக்குவது என்று சொல்லும் எண்; ஏற்ற ஏற்றப் படத்தின் மேல் மணலைத் தூவியது போலப் புள்ளிகள் வரும். அப்படியும் கேமரா கேட்டது 1/15 விநாடி. அதாவது ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தால்தான் போதுமான வெளிச்சம் சேரும்.

ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு என்றால் நமக்குக் கண்ணிமைக்கும் நேரம். வீசுகோலுக்கு அது நெடுநேரம். படத்தில் வில்லும் குடமும் தெளிவாக இருந்தன. பாட்டுக்காரரின் முகம் இரண்டு முகமாக இருந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புகை. கோலில் கட்டிய மணிகள் போன இடம் தெரியவில்லை. ஃபிளாஷ் போட்டேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், “தம்பி, பாட்டுக் கேட்க விடு” என்றார். அணைத்துவிட்டேன்.

பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த மச்சினன் தன் 50 எஃப் 1.8-ஐக் கழற்றித் தந்தான். அதே இடம், அதே ஐஎஸ்ஓ. ஷட்டர் சுமார் 1/150 விநாடிக்கு ஏறியது. கோலின் முனை மட்டும் கொஞ்சம் கலங்கியது. மணிகளை எண்ண முடிந்தது. பாட்டுக்காரரின் நெற்றியில் திருநீறு கரைந்து வழிந்த கோடுவரை தெரிந்தது. பின்னால் உடுக்கை அடித்தவர் மங்கலாகிவிட்டார். அது பெரிய துளைக்குக் கொடுக்கும் விலை: துளை பெரிதாகப் பெரிதாக, தெளிவாக விழும் ஆழம் குறையும். ஒருவர் தெளிவானால் அடுத்த வரிசையில் இருப்பவர் தெளிவாக இருக்க மாட்டார்.

‘என் ஜூமில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே’ என்று கேட்பார்கள். அது படம் எடுப்பவரின் கை நடுக்கத்தைச் சரிசெய்யும். எதிரே ஆடுகிறவரை நிறுத்தி வைக்காது. பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்ட ஜன்னல்கள் வழியே வடிகட்டி வரும் மங்கிய வெளிச்சத்தில் தூண்களை எடுக்க, அதிர்வுத் தடுப்புள்ள ஜூம் தாராளமாகப் போதும். தூண் ஆடாது. சாமியாடுகிறவரை எடுக்கப் பெரிய துளை வேண்டும்.

ஜூமுக்கு அந்தத் துளையைக் கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம், ஆனால் விலையும் எடையும் ஏறும். லென்ஸ் என்று நாம் சொல்வது ஒற்றைக் கண்ணாடி அல்ல. ஒரு கண்ணாடி செய்யும் பிழையை அடுத்த கண்ணாடி திருத்தும்படி அடுக்கிய பல கண்ணாடிகள். பிரைமில் அந்த அடுக்கு ஒரே ஒரு குவியத் தூரத்துக்கு ஒத்துப்போனால் போதும். ஜூமில், வளையத்தைத் திருப்பும்போது சில கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகர்ந்து குவியத் தூரத்தை மாற்றுகின்றன. 24-இல் சரியாக இருக்கும் அடுக்கு 40-இலும் 70-இலும் சரியாக இருக்க வேண்டும். பிழை திருத்தக் கூடுதல் கண்ணாடி வேண்டும்.

கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸில் 6 கண்ணாடிகள், எடை சுமார் 160 கிராம். அதே நிறுவனத்தின் 24-70 எஃப் 2.8 ஜூமின் இரண்டாம் பதிப்பில் 18 கண்ணாடிகள், எடை 805 கிராம். அப்படியும் அதன் துளை எஃப் 2.8-ஐத் தாண்டவில்லை. 70-200 எஃப் 2.8 ஜூமில் 200-இல் வைத்தால் துளைக்கு 71 மி.மீ. விட்டம் வேண்டும், டீக்கடை டம்ளரின் வாயைவிடக் குறைவில்லை. முன்கண்ணாடி அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் அரை நாள் அதைத் தூக்கி நின்றால் மறுநாள் தோள் சொல்லும்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸில் 3.5-5.6 என்று இரண்டு எண்கள் இருப்பதும் இதனால்தான். 18-இல் எஃப் எண் 3.5, 55-க்குத் திருப்பத் திருப்ப அது 5.6-க்கு ஏறி, வெளிச்சம் குறைந்துவிடும். லென்ஸைச் சிறியதாகவும் மலிவாகவும் வைத்திருக்கச் செய்துகொண்ட சமரசம். பகல் வெளிச்சத்தில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

சுருக்கமாக: பிரைம் ஒரே வேலைக்குச் செய்யப்பட்டதால் குறைந்த கண்ணாடியில், குறைந்த எடையில் பெரிய துளையைத் தர முடிகிறது. ஜூம் பல வேலை செய்வதால் துளையிலோ எடையிலோ விலையிலோ ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

காலால் ஜூம் செய்யலாமா?

‘பிரைம் இருந்தால் என்ன, நாலடி முன்னே நட, அதுதான் ஜூம்’ என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாக இருக்கும். பாதிதான் உண்மை.

கன்னியாகுமரிக் கரையில் தினமும் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். அப்பா கைபேசியைப் பிடித்திருப்பார். குழந்தை அவருக்கு இரண்டு மீட்டர் முன்னால் நிற்கும். பின்னால் கடலுக்குள் திருவள்ளுவர் சிலை. படத்தைப் பார்த்ததும் அப்பாவின் முகம் வாடும்: குழந்தை பெரிதாக இருக்கிறது, வள்ளுவர் தீக்குச்சி போல இருக்கிறார். ‘நேரில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது!’ என்பார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2000 ஜனவரி 1 அன்று திறந்த அந்தச் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, ஏறக்குறைய 40 மீட்டர். கரையிலிருந்து அரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் உயரம் ஒரு மீட்டர். ஒரு பொருள் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது அதன் உயரத்தைத் தொலைவால் வகுத்தால் வரும். குழந்தைக்கு ஒன்றை இரண்டால் வகுக்க அரை. சிலைக்கு 40-ஐ 500-ஆல் வகுக்க 0.08. குழந்தையில் ஆறில் ஒரு பங்கு உயரம்தான் வள்ளுவருக்கு.

இப்போது அப்பா மட்டும் பின்வாங்கிக் குழந்தையிலிருந்து இருபது மீட்டரில் நிற்கட்டும். குழந்தையின் அளவு ஒன்றை இருபதால் வகுத்தது, 0.05. சிலை இன்னும் கிட்டத்தட்ட 0.08. அரை கிலோமீட்டரோடு பதினெட்டு மீட்டர் சேர்ந்தால் சிலைக்கு என்ன தெரியப்போகிறது? இப்போது வள்ளுவர் குழந்தையைப் போல ஒன்றரை மடங்கு உயரத்தில் பின்னால் நிற்கிறார். நேரில் தெரிந்த அந்தப் பிரமாண்டம் படத்தில் வந்துவிட்டது. இருவருக்கும் உள்ள இந்த அளவு உறவை மாற்றியது லென்ஸ் அல்ல, அப்பாவின் கால்.

ஆனால் இருபது மீட்டரிலிருந்து எடுத்தால் இருவரும் படத்தில் எறும்பு போல இருப்பார்கள். முதல் படத்தை 24 மி.மீ. லென்ஸில் எடுத்தார் என்றால், குழந்தை அதே அளவில் வர இப்போது 240 மி.மீ. வேண்டும். அங்கேதான் லென்ஸ் உள்ளே வருகிறது. (இடையில் குறுக்கே நடக்கிற இருநூறு பேரை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். விடியற்காலையில் போங்கள்.)

ஆக, கால் ஒரு வேலை செய்கிறது, குவியத் தூரம் வேறு வேலை செய்கிறது. எங்கே நிற்கிறோம் என்பது முன்னால் உள்ளதற்கும் பின்னால் உள்ளதற்கும் உள்ள அளவு உறவைத் தீர்மானிக்கிறது. குவியத் தூரம் அதில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்று தீர்மானிக்கிறது. நடப்பதும் ஜூம் வளையத்தைத் திருப்புவதும் ஒன்றல்ல. ஜூம் இருக்கிறது என்பதற்காக நின்ற இடத்திலேயே நின்று வளையத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முதலில் எங்கே நிற்பது என்று முடிவுசெய்து, பிறகு வளையத்தைத் திருப்புகிறவர் கையில் ஜூம் அருமையான கருவி.

கால் நகராத இடங்கள்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் தேர் வரும்போது தெருவில் ஒருமுறை நின்று பாருங்கள். முன்னால் ஓரடி வைக்க முடியாது, பின்னாலும் முடியாது. மாடியில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். தேர் தெருமுனையில் திரும்பும்போது 200 வேண்டும், கீழே கடக்கும்போது 24 வேண்டும், இரண்டுக்கும் இடையில் சில நிமிடம். பிரைமோடு போனவர் ஒரு படத்தோடு திரும்புவார். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகிலும் அப்படித்தான். கடலில் காலால் ஜூம் செய்ய முடியாது.

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர்க் குளங்களில் பறவைகளை எடுக்கப் போகிறவர்களுக்கு நீண்ட டெலி லென்ஸ் இல்லாமல் வேலை நடக்காது. அது ஜூமாக இருந்தால் பறவை திடீரென்று கிட்டே பறந்து வரும்போது சிறகு வெட்டுப்படாமல் எடுக்கலாம்.

கடற்கரை மாவட்டத்துக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரைம் இரண்டு வைத்திருந்தால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் முட்டத்தில் பாறைமேல் நின்று, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லென்ஸ் மாற்றினேன். பத்து விநாடிதான். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு வானத்திலும் இடது மூலையில் ஒரு கரும்புள்ளி. முதலில் பருந்து என்று நினைத்தேன்; சென்சாரில் ஒட்டிய தூசி. சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் பத்து நாள் வைத்திருந்து, பணத்தையும் வாங்கிக்கொண்டு, அதே பருந்தோடு திருப்பித் தந்தார்கள். அன்றுமுதல் கடற்கரைக்கு ஒரே ஜூமை மாட்டிக்கொண்டு போகிறேன், வீட்டுக்கு வரும்வரை கழற்றுவதில்லை.

இன்னும் இரண்டு பேச்சுகள்

பின்னணி மங்கலாக வர பிரைம்தான் வேண்டும் என்பார்கள். பின்னணி வெகு தொலைவில் இருக்கும்போது, மங்கலின் அளவைத் தீர்மானிப்பது துளையின் உண்மையான விட்டம். 50 எஃப் 1.8-இல் அது 28 மி.மீ. என்று பார்த்தோம். 70-300 ஜூமை 300-இல் வைத்து எஃப் 5.6 என்றால் துளை 53 மி.மீ.க்கு மேல். ஆகவே முகம் படத்தில் ஒரே அளவில் வரும்படி எடுத்தால், தொலைவான பின்னணி அந்த ஜூமில்தான் அதிகம் மங்கும். கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான்.

பிரைம் கூர்மையானது என்பதில் உண்மை இருக்கிறது. மலிவான ஜூமோடு ஒப்பிட்டால் நன்றாகவே தெரியும். நல்ல ஜூமை எஃப் 8-இல் வைத்துப் பகலில் எடுத்த படத்தையும் பிரைமில் எடுத்த படத்தையும் கைபேசித் திரையில் காட்டி எது எது என்று கேட்டால், கேள்வி கேட்டவருக்கே மறந்துபோகும்.

வாங்கும் முன் ஒரு வாரம்

அண்ணன் மகளிடம் நான் கேட்டவை இரண்டே கேள்விகள்: நீ படம் எடுக்கும் இடத்தில் உன்னால் நகர முடியுமா? அங்கே வெளிச்சம் இருக்குமா? நகர முடியும், வெளிச்சம் குறைவு என்றால் பிரைம். நகர முடியாது, வெளிச்சம் உண்டு என்றால் ஜூம். இரண்டும் இல்லாத இடத்துக்கு 2.8 ஜூம் இருக்கிறது. அதற்கு அவள் வேலைக்குப் போன பிறகு யோசிக்கலாம்.

அவளுக்குப் பதில் தெரியவில்லை. பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு வழி சொன்னேன். ஒவ்வொரு படத்தோடும் கேமரா அதன் குவியத் தூரத்தை எழுதி வைத்திருக்கும். ஏற்கெனவே எடுத்த படங்களைத் திறந்து அந்த எண்ணைப் பார். எப்போதும் 18-இலேயே இருந்தால் உனக்கு அகலம் வேண்டும், எப்போதும் 55-இல் முட்டி நின்றால் உனக்கு டெலி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் கூடிக் கிடந்தால் அந்த எண்ணில் ஒரு பிரைம் வாங்கு.

அவளுடைய படங்கள் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் கூடிக் கிடந்தன: வீட்டுக்குள் பாட்டி, விடுதி அறையில் தோழிகள், விடிவதற்கு முன் தோவாளைப் பூச்சந்தை. 50 வாங்கட்டுமா என்றாள். பத்தடி அறையின் இந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தச் சுவரருகே இருப்பவர்களை எடுத்தால், அவளுடைய சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் பிடிப்பது ஐந்தடிக்கும் குறைவான அகலம். தோள் உரசி நின்றால் மூன்று பேர். 35 என்றால் ஆறரை அடி. நம் வீட்டு அறைகளுக்கு 35 தான் தோது.

அதையும் நம்பி உடனே வாங்க வேண்டாம் என்று, அவளுடைய 18-55 லென்ஸின் வளையத்தை 35-இல் வைத்து, நகராதபடி செல்லோடேப்பைச் சுற்றி ஒட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் இப்படியே எடு என்றேன். முதல் இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள் தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்குள்ளேயே போய் நின்று எடுத்திருந்தாள். பாயச உருளியைக் கிளறும் கை, ஆவிக்குப் பின்னால் முகம். முன்பு இதையே வாசலில் நின்று 55-இல் எடுத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை தேரூர்க் குளத்திலிருந்து திரும்பி வந்து, கூழைக்கடா அரிசிமணி அளவில் இருக்கும் படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதுவும் பாடம்தான்.

ஒருவர் பயன்படுத்திய 35 எஃப் 1.8 ஒன்றை வாங்கினாள். வாங்கும் முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள் சிலந்திவலை போலப் படரும். இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். 18-55 லென்ஸைத் தூக்கிப் போடவில்லை, கடற்கரைக்கு அதுதான் போகிறது. வளையத்தில் செல்லோடேப்பின் பிசின் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்று பாட்டி சொன்னதை மட்டும் நான் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டேன்.